மூல ஒழுங்கு

"அம்மா, உன் டிரங்குப் பெட்டி பெரிய ஆளாயிடுச்சு," என்றாள் மகள், கையிலிருந்த அழைப்பிதழை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே. "வெள்ளிக்கிழமை திறப்பு விழாவாம். முன்வரிசையில உனக்கு இடமாம்."

"யாரு கடை திறக்கிறாங்க?"

"கடை இல்லம்மா. அப்பாவோட காகிதத்தையெல்லாம் காப்பகத்துல கண்காட்சியா வைக்கிறாங்க. கேளு: 'ஒரு செயலாளரின் மனம். தையல் தொழிலாளர் சங்கத்தின் நாற்பத்திரண்டு பெட்டிகள்.'"

"நான் ஒரு பெட்டிதானே குடுத்தேன்?"

"அங்க போய்க் குட்டி போட்டிருக்கும். இன்னும் கேளு. 'சிறப்புக் காட்சிப்பொருள்: சங்கத்தையே உலுக்கிய மொட்டைக் கடிதம். அதை எழுதியவர் யார் என்ற முப்பத்தோராண்டுப் புதிர் முதன்முறையாக அவிழ்கிறது.' மொட்டைக் கடிதமா! அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லையே. உனக்குத் தெரியுமா?"

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த காஜாக்காரம்மாவின் விரலில் ஊசி ஏறியது. இருபத்தாறு வருஷம் ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைக்குக் காஜா எடுத்த விரல் அது. அந்த இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் ஊசி ஏறியதில்லை.

"தெரியாது," என்றாள்.

தெரியாமல் என்ன? எழுதியவளே அவள்தான்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், சமையலறைத் தரையில் உட்கார்ந்து இடது கையால் எழுதினாள். ஐந்தே வரி. அதே கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்த கட்டிங் அக்காவைப் பற்றி. 'சங்கத்தில் பேசுவதையெல்லாம் முதலாளியிடம் போய்ச் சொல்கிறாள்' என்பது சாரம். அதில் ஒரு எழுத்துகூட உண்மை இல்லை. உண்மை வேறு. சங்கச் செயலாளரான கணவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "கட்டிங் அக்கா இருக்காங்களே" என்று ஆரம்பித்துவிடுவார். சாப்பிடும்போதும் கட்டிங் அக்கா. படுக்கப் போகும்போதும் கட்டிங் அக்கா. அதில் தப்பாக ஒன்றும் இல்லை என்று காஜாக்காரம்மாவுக்கே தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

கடிதம் கமிட்டியில் வாசிக்கப்பட்டது. கட்டிங் அக்காவைக் கமிட்டியிலிருந்து எடுத்தார்கள். அவள் வந்தால் பேச்சு நின்றது. மூன்று மாதத்தில் வேலையையும் விட்டுப் போனாள். போகிற அன்றைக்கு காஜா மேஜைப் பக்கம் வந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "எந்தப் பாவி எழுதினாளோ, நல்லா இருக்க மாட்டா" என்று சொன்னதும் காஜாக்காரம்மாதான்.

கணவர் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் கட்டிங் அக்கா என்ற பேச்சே எழவில்லை. அவ்வளவுதான். அந்தக் காகிதத்தை அவர் அன்றே கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் இத்தனை வருஷமாக அவள் நினைத்திருந்தாள்.

*

மறுநாள் காலையிலேயே வட்டார வரலாற்று ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். வாசலில் குடையை வாங்கிக்கொண்டார்கள். பையை வாங்கிக்கொண்டார்கள். பையிலிருந்த மாத்திரையை வெளியே எடுத்து, அது காகிதத்துக்குக் கெடுதல் செய்யுமா என்று இரண்டு பேர் பேசி முடிவு செய்தார்கள். பிறகு வாசிப்பறைக்கு அனுப்பினார்கள். அங்கே கண்காணிப்பாளர் அம்மா ஒரு படிவத்தை நகர்த்தி வைத்தாள்.

"ஆய்வுத் தலைப்பு?"

"நான் குடுத்த பெட்டியப் பாக்கணும்மா."

"அது தலைப்பு இல்லீங்க. அது ஆசை."

"என் வீட்டுக்காரர் சங்கத்துல செயலாளரா இருந்தாரு. அவரு காகிதம்."

"அப்ப 'செயலாளர் குடும்பம்: ஒரு பார்வை'ன்னு போடுங்க. கொடையாளரோட அனுமதிக் கடிதம் இருக்கா?"

"கொடையாளர்னா?"

"பெட்டியைக் குடுத்தவங்க."

"நான்தான் குடுத்தேன்."

கண்காணிப்பாளர் அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப கவலையே இல்ல. உங்களுக்கு நீங்களே ஒரு விண்ணப்பம் எழுதுங்க. அப்புறம் அதைப் பரிசீலிச்சு நீங்களே ஒரு பதில் எழுதுங்க."

"அனுமதி குடுத்தேன்னு எழுதவா?"

"அது உங்க சொந்த முடிவு. அதுல நாங்க தலையிட மாட்டோம்."

காஜாக்காரம்மா தனக்குத் தானே 'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்று எழுதிக்கொண்டாள். பதில் எழுதும்போது கை நின்றது. மறுக்கப்படுகிறது என்று எழுதிவிட்டு எழுந்து போய்விட்டால் என்ன? பார்க்காமல் இருந்துவிடலாமே. கடைசியில் அனுமதி கொடுத்தாள்.

காகிதம் தள்ளுவண்டியில் வந்தது. அதைப் பஞ்சு வைத்த சின்ன மெத்தையில் கிடத்தினார்கள். அவளுடைய முதுகுவலிக்கு டாக்டர் வாங்கச் சொன்ன மெத்தை இந்த ரகம்தான், விலை கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். கையுறை மாட்டிவிட்டார்கள். இருமுவதாக இருந்தால் கதவுப் பக்கம் திரும்பி இருமச் சொன்னார்கள்.

மெத்தையில் அவளுடைய ஐந்து வரி படுத்திருந்தது. இடது கை எழுத்து, குடிகாரன் நடை மாதிரி. அதன்மேல் குண்டூசி குத்தி, இன்னொரு காகிதம். கட்டிங் அக்காவின் தங்கை, அதே கம்பெனியில் இஸ்திரி போட்டவள், பல்வலிக்காக இரண்டு நாள் லீவு கேட்டு, வாங்கித் தரச் சொல்லிச் சங்கத்திடம் கொடுத்த கடிதம்.

அந்தக் குண்டூசியைப் பார்த்ததும் காஜாக்காரம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன், கணவர் இறந்தபின், காப்பகத்து வண்டி வந்து நின்றபோது, மூன்றாம் மாடிப் படிக்கட்டில் டிரங்குப் பெட்டியின் கொக்கி பிடுங்கிக்கொண்டது. காகிதம் மூன்று மாடிக்கும் பறந்தது. கண்ணாடி போடாமல் ஓடி ஓடிப் பொறுக்கி, கைக்கு வந்ததைக் கைக்கு வந்ததோடு சேர்த்து, இடுப்பில் செருகியிருந்த தையல் ஊசி மெத்தையிலிருந்து குண்டூசி எடுத்துக் குத்திக் குத்திக் கொடுத்தது அவள்தான்.

பக்கத்தில் பட்டியல் அட்டை இருந்தது. அச்சடித்தது. அதை மூன்று தரம் படித்தாள்.

'உருப்படி 9அ: மொட்டைக் கடிதம். உருப்படி 9ஆ: விடுப்பு விண்ணப்பம். இரண்டையும் செயலாளர் தம் கைப்பட ஒரே குண்டூசியால் இணைத்துள்ளார். எழுதியவர் இன்னார் என்று தாம் அறிந்த உண்மையை வாய்விட்டுச் சொல்லாமல் வருங்காலத்துக்கு அவர் இவ்வாறு உணர்த்துகிறார். எழுதியவர்: பாதிக்கப்பட்டவரின் உடன்பிறந்த தங்கை. பல்வலி: குற்ற உணர்வால் ஏற்பட்டது.'

"ஐயோ," என்றாள்.

"மெதுவா," என்றாள் கண்காணிப்பாளர் அம்மா.

"இந்தக் கண்காட்சிக்கு அவங்க ரெண்டு பேரும் வருவாங்களா? அக்காவும் தங்கச்சியும்?"

"சிறப்பு விருந்தினரே அவங்கதான். அக்கா, தங்கச்சி, ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்காம ஒரே வீட்டுல இருக்காங்களாம். பாத்துப் பாத்து அழைச்சிருக்காரு இயக்குநர். கண்ணாடிப் பெட்டிக்கு எதிர்லயே நாற்காலி."

காஜாக்காரம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அழாதீங்கம்மா, தயவு பண்ணி," என்று கண்காணிப்பாளர் அம்மா மெத்தையைச் சட்டென்று தள்ளிவைத்தாள். "ஈரப்பதம் ஏறிடும்."

*

இயக்குநர் அறையில் மேஜைமேல் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர் காகிதத்தை அவ்வளவு மதிப்பவர். எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கம்மா, வாங்க. நீங்க வெறும் கொடையாளர் இல்ல. நீங்க ஒரு மூலாதாரம்."

"ஐயா, அந்தக் கடிதம்..."

"பாத்தீங்களா? எப்படி இருக்கு? நானே முதல்ல பாத்தப்ப எனக்குத் தூக்கம் போச்சு."

"அந்தத் தங்கச்சி எழுதலைங்க. நான் எழுதினேன்."

இயக்குநர் அவளை அன்போடு பார்த்தார். இந்த மாதிரி ஆட்கள் அவருக்குப் புதிதில்லை. ஊரில் பாதிப் பேர் வரலாற்றில் தன் தலையையும் நுழைக்கப் பார்க்கிறவர்கள்தான்.

"சரிம்மா. ஆதாரம்?"

"நான்தாங்க ஆதாரம்."

"நீங்க தகவல். ஆதாரம்னா காகிதம்." மணியை அடித்தார். கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட பட்டியலாளர் வந்தார். ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்கள். "அந்த ஐந்து வரியில முதல் வரிய எழுதுங்க."

"இடது கையால எழுதினேங்க."

"இடது கையாலயே எழுதுங்க."

எழுதினாள். மூட்டு வீங்கிப்போன கட்டைவிரலில் பென்சில் நிற்கவில்லை. வந்தது எழுத்தா எறும்புக் கூட்டமா என்று சொல்ல முடியவில்லை. பட்டியலாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"பொருந்தலை ஐயா. மூலத்துல 'க' இன்னும் தன்னம்பிக்கையோட இருக்கு."

"எனக்கு அப்ப முப்பத்தெட்டு வயசுங்க!"

"வருத்தப்படாதீங்கம்மா," என்றார் இயக்குநர். "எழுதலைங்கறது ஒண்ணும் குத்தம் இல்ல."

வேறு வழியில்லாமல் அவள் அடுத்ததையும் சொன்னாள். படிக்கட்டு. கொக்கி. மூன்று மாடி. கண்ணாடி போடாதது. எதை எதோடு சேர்த்தோம் என்று பார்க்காமலே குத்தியது. "உங்க குண்டூசி என் வீட்டுக்காரர் குத்தினது இல்லீங்க. நான் குத்தினது. எல்லாக் குண்டூசியும் நான் குத்தினதுதான்."

பட்டியலாளர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "தையல் குண்டூசி," என்றார். "அலுவலகக் குண்டூசி கைக்கெட்டுற தூரத்துல இருந்தும் தையல் குண்டூசிய எடுத்தாரு. அதுல ஒரு வர்க்கப் பெருமிதம் இருக்குன்னு பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கேன்மா."

"இடுப்புல அதுதாங்க இருந்துச்சு."

இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது முகத்தில் அன்பு இல்லை.

"அம்மா, நான் சொல்றதக் கவனமாக் கேளுங்க. நீங்க மொட்டைக் கடிதம் எழுதினேன்னு சொன்னீங்க. மனுஷங்க சறுக்குவாங்க. மன்னிக்கலாம். ஒரு குடும்பத்தையே கெடுத்தேன்னு சொல்லுங்க. அதுவும் வரலாறுதான். ஆனா காகிதம் சிதறிப்போச்சுன்னு மட்டும் இந்தச் சுவருக்குள்ள சொல்லாதீங்க. எங்க தொழிலுக்கு ஒரே ஒரு வேதம். மூல ஒழுங்கு. ஒருத்தர் தன் காகிதத்த எந்த வரிசையில விட்டுட்டுப் போனாரோ, அந்த வரிசையிலதான் அவரு மனசு இருக்கு. நாங்க ஒரு தாளை இடம் மாத்த மாட்டோம். உங்க வீட்டுக்காரர் தீர்மானப் புத்தகத்துக்கு நடுவுல வெங்காயம் எழுதின சிட்டையை வெச்சிருந்தாரு. ஏன்? ரெண்டு வருஷம் யோசிச்சோம். தொழிலாளியோட அடுப்பும் அரசியலும் ஒண்ணுங்கறாரு! அதுக்கு எனக்கு விருது குடுத்திருக்காங்க. இப்ப வந்து அது காத்துல பறந்த சிட்டைன்னு சொன்னா, நான் விருதத் திருப்பிக் குடுக்கணுமா?"

"அந்தத் தங்கச்சி பாவம்ங்க. செய்யாத தப்பு அவ தலையில ஏறுது."

"ஒரு பேச்சுக்கு அது நிஜம்னு வெச்சுக்கிட்டாலும், அது ஒரு ஆள் பிரச்சினை. இது நாப்பத்திரண்டு பெட்டிப் பிரச்சினை."

"ஒரு தாள் ஒட்டி மறைக்கக்கூடாதா? அந்த ஒரு வரிய மட்டும்?"

"திருத்தக் கோரிக்கைப் படிவம் இருக்கு. குழு வருஷத்துக்கு ரெண்டு தடவை கூடும். போன வாரம்தான் கூடிக் கலைஞ்சாங்க." அவர் குரல் மறுபடி கனிந்தது. "வெள்ளிக்கிழமை வாங்கம்மா. நல்ல புடவையாக் கட்டிட்டு வாங்க. படம் எடுப்பாங்க."

வெளியே வந்த காஜாக்காரம்மா, குடையை வாங்க மறந்து மழையில் நடந்தாள். முப்பத்தொரு வருஷம் மறைத்ததை வாய்விட்டுச் சொன்னால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும் என்று எண்ணியிருந்தாள். சொல்லியாகிவிட்டது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. திருப்பி அனுப்பப்பட்ட பார்சல் மாதிரி அது அவளோடேயே வீட்டுக்கு வந்தது.

அன்று மாலை கட்டிங் அக்கா வீட்டுத் தெருவரைக்கும் போனாள். ஜன்னலில் விளக்கு எரிந்தது. உள்ளே யாரோ யாரையோ "மாத்திரை போட்டியாடி?" என்று அதட்டுவது கேட்டது. திரும்பி வந்துவிட்டாள். வியாழக்கிழமையும் போனாள். அன்றைக்கும் திரும்பி வந்துவிட்டாள். தெருவரைக்கும் போகிற கால் வாசல்வரைக்கும் போகவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

*

வெள்ளிக்கிழமை கூடத்தில் எழுபது நாற்காலி, எழுபதிலும் ஆள். கட்டிங் அக்கா தலை முழுக்க நரைத்து, முதுகு மட்டும் அன்று போலவே நேராக, கண்ணாடிப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தங்கை, அக்காவின் கைப்பையையும் தன் கைப்பையையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு.

"அடியே, காஜா!" என்றாள் கட்டிங் அக்கா அவளைப் பார்த்ததும். "உயிரோடதான் இருக்கியா? வா, வா, பக்கத்துல உக்காரு. உன் வீட்டுக்காரருக்கு என்ன மரியாதை பாரு."

காஜாக்காரம்மா உட்காரவில்லை. அதற்குள் தங்கை எழுந்து கண்ணாடிப் பெட்டியருகே போய்க் குனிந்துவிட்டாள்.

"அக்கா, இங்க வாயேன். என் லீவு லெட்டர் இங்க கெடக்கு!"

"உன் லீவு லெட்டரா? அதுல என்னடி வரலாறு?"

"பல்வலிக்குக் கேட்டது. கடவாய்ப் பல்லு. நீதானே கூட்டிட்டுப் போனே? அதுக்கு..." மேலே இருந்த பலகையைப் படிக்கப் படிக்கத் தங்கையின் குரல் தேய்ந்தது. "அக்கா... என்னக்கா போட்டிருக்காங்க இதுல?"

கட்டிங் அக்கா படித்தாள். நிதானமாக, துணியில் கோடு போடுகிற மாதிரி விரலை வைத்துக்கொண்டு படித்தாள். பிறகு தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் அவள் முகத்தில் வந்து போனதைக் காஜாக்காரம்மா பார்த்துவிட்டாள்.

"அக்கா, அவ இல்ல," என்றாள். "நான். நான் எழுதினேன்."

மேடையில் இயக்குநர் ஒலிவாங்கியைத் தட்டினார். "அன்பார்ந்த பெரியோர்களே! காட்சிப்பொருள் அருகே தகவல் சேர்ப்பதைத் தயவுசெய்து தவிர்க்கவும்."

"நீயா?" என்றாள் கட்டிங் அக்கா.

"நான்தான்க்கா."

"நீ என் கண்ணத் துடைச்சியேடி."

காஜாக்காரம்மா தன் முந்தானையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

கட்டிங் அக்கா மறுபடி கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பினாள். அந்தக் கடிதத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. அன்றைக்குக் கமிட்டியில் அவளை வெளியே நிற்க வைத்துவிட்டுத்தான் வாசித்தார்கள். இப்போது ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தாள்.

"'முதலாளி அறைக்குத் தினமும் போகிறாள்.' நான் போனத நீ பாத்தியா?"

"இல்லக்கா."

"'வேலைநிறுத்தத் தேதியை முன்கூட்டியே சொன்னவள் இவள்.' சொன்னத நீ கேட்டியா?"

"இல்ல."

"'பேசுவது ஒன்று, நடப்பது ஒன்று.' அப்படியா இருந்தேன்?"

"இல்லக்கா."

"'இவளை நம்பினால் சங்கம் அழியும்.' இது?"

"இல்ல."

"'உண்மை விரும்பி.'" கட்டிங் அக்கா அந்தக் கடைசி வரியைக் கேள்வியாகக் கேட்கவில்லை. "அப்புறம் ஏன்டி?"

"அவரு எந்நேரமும் உங்களப் பத்தியே பேசுவாருக்கா. வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுதான். எனக்குத் தாங்கல."

"என்னப் பத்தியா? என்ன பேசுவாரு?"

"உங்க வேலையத்தான். 'அந்தம்மா கத்திரி வெச்சா ஒரு நூலு தப்பாது'ன்னு."

மேடையில் இயக்குநர் மூல ஒழுங்கு என்ற சொல்லை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிங் அக்கா கயிற்றுக் கண்ணாடிக்காரரை விரலால் கூப்பிட்டாள். பட்டியலாளர் ஓடி வந்தார்.

"தம்பி, நாப்பத்திரண்டு பெட்டி வெச்சிருக்கீங்களே. இவ வீட்டுக்காரர் என்னப் பத்தி நல்லதா எழுதினது ஏதாவது இருக்கா?"

பட்டியலாளருக்கு எல்லாப் பெட்டியும் மனப்பாடம். யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. "உங்கள நீக்கின தீர்மானம் இருக்கும்மா. நீங்க விலகின கடிதம் இருக்கு. இது இருக்கு. நல்லதா... இல்லம்மா. அவரு வாயால சொன்னது எதுவும் வந்து சேரலை."

"எங்கிட்டயும் சொன்னதில்ல," என்றாள் கட்டிங் அக்கா. "பதினாலு வருஷம் அந்த மேஜையில நின்னேன். எங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்ல."

தங்கையின் மடியிலிருந்த கைப்பைகள் எப்போதோ தரையில் விழுந்திருந்தன. கட்டிங் அக்கா குனிந்து எடுத்து, தங்கையின் கையில் கொடுத்து, அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். தானும் உட்கார்ந்தாள். காஜாக்காரம்மாவை உட்காரச் சொல்லவில்லை.

"நீ கேட்டிருக்கே இல்ல?" என்றாள். "சொல்லு. அவரு என்னென்ன சொன்னாரோ, ஒண்ணு விடாமச் சொல்லு."

"இங்கயாக்கா? இத்தனை பேர் முன்னாடியா?"

"என்னப் பத்தின காகிதத்த இத்தனை பேர் முன்னாடிதானே வெச்சிருக்கீங்க."

மேடையில் கைதட்டல் எழுந்து அடங்கியது. முன்வரிசை மேடையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. மகள் கதவருகே அழைப்பிதழைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

காஜாக்காரம்மா சொல்ல ஆரம்பித்தாள். ஒன்றுகூட அவளுக்கு மறக்கவில்லை. ஒவ்வொன்றும் அன்றைக்கே உள்ளே சூடு போட்டு உட்கார்ந்தது, எங்கே மறக்கும்?

"'அந்தம்மா அளவு எடுத்தா இன்னொருத்தர் சரிபார்க்க வேண்டியதில்ல'ன்னாரு. 'மிச்சத் துணியில குழந்தைங்களுக்குச் சட்டை வெட்டிக் குடுத்துட்டு ஒருத்தர்கிட்டயும் சொல்லல'ன்னாரு. 'கூட்டத்துல கடைசியாத்தான் பேசுவாங்க, ஆனா அதுக்கப்புறம் பேச ஒண்ணும் மிச்சம் இருக்காது'ன்னாரு. அப்புறம்... 'எனக்கப்புறம் செயலாளரா வர வேண்டியது அவங்கதான்'னாரு."

கட்டிங் அக்கா கையை உயர்த்தினாள்.

"கடைசியாச் சொன்னத இன்னொரு தடவ சொல்லு," என்றாள். "சத்தமா."